விளக்கைப் போடும் முன்: திரைப்படச் சங்க நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத்து நண்பர்களுக்கு,

வணக்கம். அன்னையர் தினத்துக்காக நீங்கள் போட்ட, நவோமி கவாசே இயக்கிய ‘ட்ரூ மதர்ஸ்’ என்ற ஜப்பானியப் படத்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நடுவில் இரண்டு தடவை கரண்ட் போயும், கூட்டம் கலையாமல் இரண்டு மணி இருபது நிமிடம் உட்கார வைத்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. இனி எழுதப்போவது குறை. நேரில் சொன்னால் டீ ஆறுவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்ததுமே ட்யூப் லைட்டைப் போட்டுவிட்டீர்கள். நாற்காலிகள் இழுபட்டன. மைக் “ஹலோ, ஹலோ” என்றது. இந்தச் சத்தத்துக்கெல்லாம் அடியில் ஒரு சின்னப் பையனின் குரல் அந்தக் கடைசிப் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. பட்டியல் தீரும் இடத்தில் அந்தக் குரல் ஒரே ஒரு சொல் சொல்லும். ஏற்கெனவே வீட்டில் பார்த்திருந்ததால் நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் கேட்கவில்லை.

பிறகு கலந்துரையாடல் நடந்தது. பேசிய ஏழு பேரில் ஐந்து பேர் “பெற்றவளா, வளர்த்தவளா” என்ற ஒரே கேள்வியைத்தான் ஆளுக்கொரு திசையிலிருந்து எடுத்தார்கள். நடுவர் மட்டும்தான் இல்லை, மற்றபடி முழுப் பட்டிமன்றம். எல்லாம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அந்தச் சின்னப் பொண்ணு பேரு என்னங்க? யாருமே சொல்லலியே.”

ஹிகாரி. அவள் பேர் ஹிகாரி. முக்கால் மணி நேரம் அவளைப் பற்றித்தான் பேசினோம். “அந்தப் பெண்”, “பெற்றவள்”, “வழி தவறியவள்” என்றெல்லாம் சொன்னோம். பேர் ஒருவர் வாயிலும் வரவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

தவறு முழுக்க உங்களுடையது என்று சொல்ல மாட்டேன். பாதித் தவறு தலைப்பில் இருக்கிறது. வெளிநாடுகளில் இந்தப் படம் ‘ட்ரூ மதர்ஸ்’ என்ற பெயரில் போனது. ‘உண்மையான தாய்’ என்று சுவரொட்டியில் போட்டுவிட்டால் பார்க்க வருகிறவன் தராசோடுதான் வருவான். ஜப்பானில் படத்தின் பெயர் ‘அசா கா குரு’. அப்படியே சொன்னால் ‘காலை வருகிறது’. நம் பேச்சில் ‘விடியுது’. மிசுகி ட்சுஜிமுரா 2015-இல் எழுதிய நாவலுக்கும் அதே பெயர்தான். பையனின் பெயர் அசாதோ. அதற்குள் ‘அசா’, அதாவது காலை, இருக்கிறது. பெற்றவள் பெயர் ஹிகாரி, ஒளி. நீங்கள் விளக்கைப் போட்டு மூழ்கடித்தீர்களே அந்தக் கடைசிப் பாட்டு, அதன் பெயர் ‘அசாதோ ஹிகாரி’. பிரித்துப் படித்தால் ‘காலையும் ஒளியும்’. சேர்த்துப் படித்தால் ஒரு பிள்ளையும் அவனைப் பெற்றவளும் பக்கத்தில் பக்கத்தில். சிலேடை நமக்குப் புதிதா என்ன?

அன்று வராத உறுப்பினர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். தோக்கியோவில் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பில் சதோகோ, கியோகசு என்ற தம்பதி. கணவனுக்கு விந்தணு இல்லை. சப்போரோவுக்கு விமானம் ஏறிப் போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள், ஒரு நாள் பனியால் விமானங்கள் ரத்தாகி நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது ‘போதும்’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பிறகு ஒரு தத்து அமைப்பின் மூலம் அசாதோ வருகிறான். நாரா ஊரில் 14 வயதுப் பள்ளி மாணவி ஹிகாரி பெற்ற குழந்தை அவன். ஆறு வருடம் கழித்து ஒரு போன்: “குழந்தையைத் திருப்பிக் கொடுங்கள். முடியாதென்றால் பணம் கொடுங்கள்.” வீட்டுக்கு வந்து நிற்பவள் முடிக்குச் சாயம் போட்ட, கண்ணில் பசி தெரிகிற ஒரு பெண். தம்பதி அவளைப் பார்த்து, “நீ ஹிகாரி இல்லை. நீ யார்?” என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் படம் பின்னோக்கிப் போய் ஹிகாரியின் கதையைச் சொல்கிறது. அவளுக்கு முதல் மாதவிலக்கே வந்திருக்கவில்லை. அதனால் கர்ப்பம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜப்பானில் 22 வாரம் ஆகிவிட்டால் கருக்கலைப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டார் ஊருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவளை ஹிரோஷிமாப் பக்கம் ஒரு தீவுக்கு அனுப்புகிறார்கள். பெற்று, கொடுத்து, திரும்பி வந்து உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் படி என்கிறார்கள். நடக்காதது மாதிரி.

அந்தத் தீவைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிரோஷிமாத் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற நினோஷிமா அது. 1945 ஆகஸ்ட் 6-இல் குண்டு விழுந்த பிறகு கரிந்துபோன மனிதர்களைப் படகு படகாக அங்கே இருந்த ராணுவத் தொற்றுத்தடுப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். பத்தாயிரம் பேர் என்கிறார்கள். அடுத்த வருடமே போரில் அனாதையான குழந்தைகளுக்காக ஒரு விடுதி அங்கே தொடங்கியது. படத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாய் இல்லாத பிள்ளைகள் ஒதுங்கிய கரையில், பிள்ளையைக் கொடுக்கப்போகிற சிறுமிகள் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது பட்டிமன்றத்துக்கு வருகிறேன். அன்று ஒருவர் யசோதையை மேற்கோள் காட்டினார். பெரியாழ்வாரையும் சொன்னார், அழகாகவே சொன்னார். ஆனால் அதே பிரபந்தத்தில் குலசேகராழ்வார் தேவகிக்கும் பத்துப் பாட்டு ஒதுக்கியிருக்கிறார், அதை யாரும் எடுக்கவில்லை. தொட்டிலாட்டக் கொடுத்து வைக்கவில்லையே, தளர்நடை காண வாய்க்கவில்லையே என்று ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு அவள் சொல்வது: “திருவிலேன் ஒன்றும் பெற்றிலேன், எல்லாம் தெய்வ நங்கை யசோதை பெற்றாளே.” பெற்றவளே ‘ஒன்றும் பெற்றிலேன்’ என்கிறாள். ‘பெறு’ என்ற ஒற்றைச் சொல்லைத் திருப்பிப் போட்டே அந்தப் பெற்ற தாயின் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிட்டார். யசோதையை அவள் திட்டவும் இல்லை, வழக்கும் போடவில்லை. கவாசேயின் படம் தேவகி பக்கத்துப் படம். நாம் யசோதைக்கு மாலை போட்டுவிட்டு வந்தோம்.

அந்த நாட்டுச் சட்டம் தெரியாமல் இந்தப் படத்தின் வலி எங்கே இருக்கிறது என்று பிடிபடாது, ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ‘கொசெகி’ என்ற குடும்பப் பதிவேடு இருக்கிறது. பிறப்பு, கல்யாணம், தத்து, சாவு எல்லாம் தனி மனிதன் பெயரில் இல்லாமல் ஒரு குடும்பத்தின் ஏட்டில் ஏறும். ஒரே ஏட்டில் மூன்று தலைமுறை இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் கல்யாணமாகாத ஒரு பெண் குழந்தை பெற்றால், அவளைப் பெற்றோரின் ஏட்டிலிருந்து எடுத்து, அவளையே தலைவியாக வைத்து ஒரு புது ஏடு திறப்பார்கள். பதினாலு வயதுப் பிள்ளைக்கும் அதுதான். காகிதத்தில் அவள் குடும்பத் தலைவி. கல்யாணத்துக்கோ வேறு எதற்கோ நகல் எடுத்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் அங்கே எத்தனையோ பேர் எதையெதையோ செய்தார்கள்.

இஷினோமாகி என்ற கடலோர ஊரில் நோபொரு கிகுதா என்று ஒரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். மாதம் ஏறிய வயிற்றோடு வந்து கலைக்கச் சொல்லும் பெண்களிடம், பெற்றுக் கொடு, வளர்க்க ஆள் நான் பார்க்கிறேன் என்பார். பிறந்த குழந்தையை, வாங்கிக்கொள்ளும் தம்பதியே பெற்றது போலப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடுவார். பொய்ச் சான்றிதழ்தான். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். 1973-இல் உள்ளூர்ப் பத்திரிகையில், பிறந்த ஆண் குழந்தையைத் தன் பிள்ளையாக வளர்க்க ஆள் தேவை என்று விளம்பரமே கொடுத்தார். நாடே இரண்டுபட்டது. நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து விசாரித்தது. பிறகு அபராதம் விழுந்தது. ஆனால் அவர் கிளப்பிய கேள்வியால்தான் 1987-இல் குடிமைச் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு ‘சிறப்புத் தத்து’ என்ற முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெற்றவர்களோடு சட்ட உறவு அறவே அறுந்துவிடும். வளர்க்கும் குடும்பத்தின் ஏட்டில் ‘தத்துப்பிள்ளை’ என்று எழுத மாட்டார்கள். ‘மூத்த மகன்’ என்றே எழுதுவார்கள். சட்டப் பிரிவு 817-2-இன்படி வந்த தீர்ப்பு என்று ஒரு குறிப்பு மட்டும் ஓரமாக இருக்கும். விஷயம் தெரிந்தவனுக்குப் புரியும், மற்றவன் கடந்து போவான்.

குழந்தைக்கு இது பெரிய பாதுகாப்பு, நான் மறுக்கவில்லை. ஹிகாரியின் பக்கம் நின்று பாருங்கள். அவளைக் காப்பாற்ற வந்த சட்டமே அவளைப் பிள்ளையின் நடப்பு ஏட்டிலிருந்து துடைத்துவிடுகிறது. வீட்டில் அம்மா அப்பா செய்ததைத்தான் அரசாங்கமும் மரியாதையாகச் செய்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தத்து என்பது ஜப்பானில் அபூர்வமே இல்லை. வருடா வருடம் பல்லாயிரக்கணக்கில் நடக்கும் தத்துகளில் பெரும்பாலானவை வளர்ந்தவர்களை எடுப்பது: குடும்பப் பேரும் தொழிலும் அறுந்துபோகாமல் இருக்க மருமகனையே மகனாக்கிக்கொள்வது போல. நம் ஊர் ரோட்டில் ஓடுகிற மாருதி காருக்குப் பின்னால் இருந்த ஒசாமு சுசுகி பிறப்பில் மட்சுதா. சுசுகி வீட்டுப் பேத்தியைக் கட்டி, அந்த வீட்டுப் பிள்ளையாகி, கம்பெனியை நடத்தியவர். சிறப்புத் தத்தில் வீடு கிடைக்கும் குழந்தைகளோ வருடத்துக்கு அறுநூறு எழுநூறு பேர்தான். பெற்றோரைப் பிரிந்து அரசின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் நாற்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி விடுதிகளில் வளர்கிறார்கள். கம்பெனிக்கு வாரிசு என்றால் ரத்தம் பார்க்காத ஊர், தொட்டிலுக்கு என்றால் பார்க்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து சிறப்புத் தத்துக்கான வயது வரம்பை ஆறிலிருந்து பதினைந்தாக ஏற்றியிருக்கிறார்கள். அதே வருடம் அக்டோபரில்தான் இந்தப் படம் அங்கே வெளியானது.

படத்தில் ஒரு கடிதம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? குழந்தையைக் கொடுக்கும்போது ஹிகாரி அவனுக்காக எழுதிக் கொடுப்பது. சதோகோ அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். பையனுக்கும் ‘ஹிரோஷிமா அம்மா’ ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். அதனால்தான் “எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்” என்ற மிரட்டல் அந்த வீட்டில் எடுபடுவதில்லை. கடைசியில் அந்தக் கடிதத்தில், எழுதி அழித்த ஒரு வரியின் தடம் சதோகோவின் கண்ணில் படுகிறது. ‘இல்லாததாக்கிவிடாதீர்கள்.’ எழுதிவிட்டு, கேட்கத் தனக்கு உரிமை உண்டா என்று தயங்கி, தானே ரப்பரால் தேய்த்திருக்கிறாள். படத்தின் முதுகெலும்பு அந்த அழிந்த வரி. அன்றைக்கு முக்கால் மணி நேரப் பேச்சில் அதைத் தொட்டவர் யாருமில்லை.

இதை ஒரு பெண், அதுவும் கவாசே மாதிரி ஒரு பெண், எடுத்ததால்தான் இப்படி வந்தது என்று நினைக்கிறேன். ஜப்பானிய சினிமாவுக்குத் தாய்ப் பாசம் பஞ்சமில்லை. போருக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் தாயே என்ற ஸ்டுடியோ ‘ஹஹாமோனோ’, அதாவது ‘அம்மா படம்’ என்றே ஒரு வகையை வைத்து, ஐகோ மிமாசு என்ற நடிகையை அழ வைத்து, முப்பது படத்துக்கு மேல் ஓட்டியது. (ஸ்டுடியோவின் பெயர் தாயே என்பது தற்செயல்; எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.) எடுத்தவர்கள் ஆண்கள், தியாகம் செய்தவர்கள் அம்மாக்கள். நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமா இது!

கவாசே 1969-இல் நாராவில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட, பாட்டியோடு பிறந்த ஊனோ என்பவரும் அவர் கணவரும் எடுத்து வளர்த்தார்கள். கவாசே என்பது அவர்கள் வீட்டுப் பெயர். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 1997-இல், 27 வயதில், முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருது வாங்கி உலகத்துக்குத் தெரியவந்தவர். 2007-இல் அங்கேயே கிராண்ட் பிரி. நமக்கு இந்த விருதுப் பட்டியல்தான் தெரியும். அதற்கு முன்னால் எடுத்த குட்டிப் படங்களை நாம் பார்ப்பதில்லை.

1992-இல் ‘நிட்சுட்சுமாரெதே’ என்று ஒரு ஆவணப்படம். பார்த்தே இராத அப்பாவைத் தேடிப் போகிறார். கையில் துப்பாக இருப்பது எது என்று நினைக்கிறீர்கள்? அதே கொசெகி. அதிலிருக்கும் விலாசங்களைப் பிடித்துக்கொண்டு, அப்பா இருந்த ஊர் ஊராகக் கேமராவோடு போகிறார். ஏட்டிலிருந்து மனிதனுக்குப் போவது என்ற அவருடைய சினிமா அங்கேதான் தொடங்கியது.

இரண்டு வருடம் கழித்து ‘கதத்சுமொரி’. நாற்பது நிமிடம், எட்டு மில்லிமீட்டர் பிலிம். வளர்த்த பாட்டி தோட்டத்தில் பட்டாணிச் செடியோடு மல்லாடுகிறார். படம் முழுக்க அவ்வளவுதான். அதில் ஓர் இடம். கவாசே வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே தூரத்தில் பாட்டி, கட்டை விரல் அளவுக்குத் தெரிகிறார். சட்டகத்துக்குள் ஒரு விரல் வந்து கண்ணாடியின் மேல் அந்தச் சின்ன உருவத்தைத் தடவுகிறது. பிறகு கேமரா வெளியே போய்விடுகிறது. இப்போது அதே விரல் பாட்டியின் கன்னத்தைத் தொடுகிறது. சுருக்கம், மயிர்க்கால் எல்லாம் தெரிகிற நெருக்கத்தில். பாட்டி கூச்சத்தில் சிரிக்கிறார். தத்து எடுத்தவர்கள் பிள்ளையைத் தொடுகிற படங்கள் ஆயிரம் இருக்கலாம். தத்துப்பிள்ளை கை நீட்டி, இவள் என்னுடையவள்தானா என்று தொட்டுப் பார்க்கிற காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதை மட்டும் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோய் வீட்டுக்குப் போகக் கூடாது. 2006-இல் வந்த ‘தராசிமே’யையும் பார்க்க வேண்டும். பழைய ஜப்பானியக் கவிதையில் ‘தராசினே’ என்பது தாய்க்கு முன்னால் வரும் அடைமொழி. தொங்கிய முலையுடையவள் என்று அந்த எழுத்துகளுக்குப் பொருள். படத்தில் கவாசே, தொண்ணூறை நெருங்கிய பாட்டியை உட்கார வைத்து, சின்ன வயதில் நீ என்னை இப்படிச் சொன்னாயே என்று கேட்டுக் கேட்டுக் குடைகிறார். மன்னிப்புக் கேட்கும்வரை கேமராவை நிறுத்துவதில்லை. பார்க்கவே கூசும். பிறகு குளியலறையில் பாட்டியின் வெற்றுடம்பு, தளர்ந்த மார்பு, மிக அருகில். அதன் பிறகு கவாசேயின் சொந்தப் பிரசவம், நஞ்சுக்கொடி உட்பட. தத்தில் அன்பு மட்டும்தான் உண்டு என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு இந்தப் படம் ஆகாது. கடன் உண்டு, கோபம் உண்டு, ‘உன்னை எடுத்து வளர்த்தேனே’ என்ற சொல் வாயிலிருந்து தப்பி விழும் சாயங்காலங்கள் உண்டு. இவ்வளவையும் தன் மேலேயே சோதித்துப் பார்த்த ஒருத்திதான் ஹிகாரியிடம் வருகிறாள். தானே தத்துப்பிள்ளை என்பதுதான் அந்த நாவலின் பக்கம் தன்னை இழுத்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பையனின் பார்வை படத்தில் இவ்வளவு இடம் பிடித்திருக்கிறது.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இலைக்கு நடுவில் வெயில் வழிவது, கடல் மின்னுவது, செர்ரிப்பூ எல்லாம் அளவுக்கு மேல். கூட வேலை பார்த்தவள் வாங்கிய கடன் ஹிகாரியின் தலையில் விழுந்து, வசூல்காரர்கள் துரத்தும் பகுதி வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. பெரிய குறை, ஹிகாரியின் காதலனும் குழந்தைக்குத் தகப்பனுமான அந்தப் பையன் தகுமி. அவனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். ஆனால் கேமரா அவனை அழவிட்டு, அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவனுடைய ஏட்டில் ஒரு கறையும் இல்லை. தத்து எடுக்கும் தம்பதியில் ஒருவர் வேலையை விட வேண்டும் என்று படத்தில் வரும் தத்து அமைப்பு நிபந்தனை போடுகிறது. வேலையை விடுவது சதோகோ. அதைப் படம் கேள்வியே கேட்பதில்லை. அன்று இதைப் பற்றியெல்லாம் நாம் சண்டை போட்டிருக்கலாம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஆகஸ்டில் மறுபடி இதைத் திரையிடுவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. ‘தாய்மையின் மேன்மை’ என்ற வரியைச் சுவரொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘விடியுது’ என்றே போடுங்கள், கூட்டம் குறையாது. முதல் நாள் ‘கதத்சுமொரி’யும் ‘தராசிமே’யும், மறுநாள் இது. இரண்டு சின்னப் படமும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. வசன மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்லையென்றால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். ‘கதத்சுமொரி’யில் பேச்சே குறைவு. கலந்துரையாடலில் முதல் ஆளாக, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவைப் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், விளக்குப் போடும் தம்பியிடம் ஒன்று சொல்லி வையுங்கள். பாட்டு வந்ததும் ஸ்விட்சில் கை வைக்க வேண்டாம். பட்டியல் ஓடட்டும். கடைசியில் அந்தப் பிள்ளை, ‘அய்தகத்தா’ என்பான். ‘உங்களைப் பார்க்கணும்னு இருந்துச்சு’ என்று அர்த்தம். அதன் பிறகு போடலாம்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் உட்காரும் உங்கள் உறுப்பினர்